ரத்தம் உறையும் சோதனைகள்: எதற்கு எடுக்கிறார்கள், எப்படிப் படிப்பது – மலையில் இருப்பவர்களுக்கான கையேடு

பி.டி., ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி., டி-டைமர் என்று சீட்டில் எழுதியிருக்கும். ரிப்போர்ட் வந்ததும் ஏதோ ஒரு எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும். அதைப் பார்த்த உடனே பயப்படவும் வேண்டாம், எல்லாம் நார்மல் என்றால் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். இந்தச் சோதனைகளில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். டாக்டர் என்ன கேள்வி கேட்டார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. எண் சரியா என்பது ரத்தம் எடுத்த விதத்தையும் அது லேப் போய்ச் சேர்ந்த விதத்தையும் பொறுத்தது. நீலகிரியில் இந்த இரண்டாவது விஷயம் மிக முக்கியம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

ரத்தம் எப்படி நிற்கிறது

காயம் பட்டதும் ரத்தக்குழாய் சுருங்குகிறது. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ஓட்டையில் ஒட்டி ஒரு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. பிறகு ரத்தத்தில் கரைந்திருக்கும் உறைவுப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, கடைசியில் பைப்ரினோஜன் என்ற கரையும் புரதத்தைப் பைப்ரின் என்ற நூலாக மாற்றுகின்றன. அந்த நூல்வலைதான் அடைப்பை இறுக்கிப் பிடிக்கிறது. காயம் ஆறியதும் வலையைக் கரைக்கவும் உடம்பில் ஏற்பாடு உண்டு.

இந்தப் புரதங்களை ஃபேக்டர் 7, ஃபேக்டர் 8 என்று எண்ணால் அழைக்கிறார்கள். பெரும்பாலானவை கல்லீரலில் தயாராகின்றன. அவற்றில் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் ஒழுங்காக வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். ரத்தக்கட்டி வராமல் இருக்கத் தரும் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள் தடுப்பது இந்த வைட்டமின் கே வேலையைத்தான்.

எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை

பி.டி. (புரோத்ராம்பின் டைம்) சோதனையில், ஃபேக்டர் 7 வழியாகத் தொடங்கி 10, 5, 2, பைப்ரினோஜன் வரை உள்ள பாதை எத்தனை வினாடியில் உறைவை உண்டாக்குகிறது என்று பார்க்கிறார்கள். ஏறக்குறைய 11 முதல் 13.5 வினாடி வரை இயல்பு. வார்ஃபரின் எடுத்தாலும், கல்லீரல் பழுதானாலும், வைட்டமின் கே குறைந்தாலும் முதலில் நீள்வது இதுதான், ஏனென்றால் ஃபேக்டர் 7-க்கு ஆயுள் மிகக் குறைவு. மஞ்சள் காமாலை வந்தவருக்கு பி.டி. நீண்டிருந்தால் வைட்டமின் கே ஊசி போட்டு மறுபடி பார்ப்பார்கள். பித்தக்குழாய் அடைப்பால் நீண்டிருந்தால் அது சரியாகும். கல்லீரலே பழுதாகியிருந்தால் சரியாகாது.

ஐ.என்.ஆர். என்பது தனிச் சோதனை இல்லை; பி.டி.யிலிருந்து போடும் கணக்கு. பி.டி.க்குப் பயன்படும் மருந்துக் கலவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒரு லேபின் வினாடியை இன்னொரு லேபின் வினாடியோடு ஒப்பிட முடியாது. இதைச் சமப்படுத்தத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஐ.என்.ஆர். முறையை ஏற்றது. நோயாளியின் வினாடியை லேபின் இயல்புச் சராசரியால் வகுத்து, வரும் விகிதத்தை, அந்தக் கலவைக்கென்று குறித்துத் தரும் ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவார்கள். நோயாளிக்கு 24 வினாடி, லேபின் சராசரி 12 என்றால் விகிதம் 2. ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.0, ஐ.எஸ்.ஐ. 1.2 என்றால் அதே ரத்தத்துக்கு 2.3. கலவையின் புதுப் பெட்டி வந்த பிறகும் பழைய பெட்டியின் ஐ.எஸ்.ஐ.யையே கருவியில் விட்டுவைத்தால், அன்றைக்கு வந்த எல்லாருடைய ஐ.என்.ஆரும் ஒரே பக்கமாகத் தவறும். உங்கள் எண் திடீரென்று மாறி, மாத்திரையிலோ சாப்பாட்டிலோ மாற்றமே இல்லையென்றால் லேபில் இதைக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

ஏ.பி.டி.டி. இன்னொரு பாதையைப் பார்க்கிறது: 12, 11, 9, 8, பிறகு பொதுவான கடைசிப் பகுதி. பல லேப்களில் 25 முதல் 35 வினாடி இயல்பு. பி.டி. சரியாக இருந்து இது மட்டும் நீண்டால் ஹீமோபிலியா என்ற பிறவி ரத்தக்கசிவு நோயை நினைக்க வேண்டும். ஃபேக்டர் 8 குறைந்தால் ஏ வகை, 9 குறைந்தால் பி வகை. அடுத்துச் செய்வது கலப்புச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவையும் (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் ரத்தத்தின் நீர்ப்பகுதி) நல்ல பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து மறுபடி பார்ப்பார்கள். வினாடி இயல்புக்கு வந்துவிட்டால் ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு. வராவிட்டால் ரத்தத்திலேயே ஒரு தடுப்புப் பொருள் இருக்கிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் என்ற தடுப்புப் பொருள் குழாயில் உறைவைத் தாமதமாக்கும். உடம்புக்குள்ளோ ரத்தக்கட்டியை உண்டாக்கும். அடிக்கடி கரு கலையும் பெண்ணுக்கு ஏ.பி.டி.டி. நீண்டிருந்தால், "ரத்தம் நீர்த்துப்போச்சு" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஃபேக்டர் 12 குறைந்தவருக்கு ஏ.பி.டி.டி. மிக நீளமாக வரும். அவருக்கு ரத்தக்கசிவே இருக்காது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் சொட்டுமருந்து ஓடும்போதும் ஏ.பி.டி.டி. பார்ப்பார்கள். அதே வகையைச் சேர்ந்த, வயிற்றில் போடும் எனாக்சபாரின் ஊசியின் அளவை இது நம்பகமாகக் காட்டாது. அதேபோல ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் பி.டி.யிலும் ஏ.பி.டி.டி.யிலும் தெரியாது, ஏனென்றால் அவை தடுப்பது பிளேட்லெட்டை. "ரிப்போர்ட் நார்மல்" என்பதால் ஆஸ்பிரின் எடுப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கை 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இயல்பு. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குத் திடீரென 40,000 என்று வந்தால், ஊதா மூடி டியூப்பில் உள்ள ஈ.டி.டி.ஏ. மருந்தால் பிளேட்லெட்டுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கருவியை ஏமாற்றியிருக்கலாம். நீல மூடி டியூப்பில் எடுத்து மறுபடி எண்ணி, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். ஸ்லைடில் பார்த்தாலும் கூட்டம் கண்ணில் படும்.

பைப்ரினோஜன் இயல்பு 200 முதல் 400 மி.கி./டெசிலிட்டர். கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் இது 400-க்கு மேல் போய்விடும். ஆகவே பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ரிப்போர்ட்டில் 190 என்று வந்தால், "கொஞ்சம்தான் குறைவு" என்று இருந்துவிடக் கூடாது. அது அபாய மணி. மலைப்பாதையில் கீழே அனுப்ப வேண்டுமா என்ற முடிவை அந்த எண்ணே எடுக்க வைக்க வேண்டும்.

டி-டைமர் என்பது உறைந்த பைப்ரின் கரையும்போது வரும் துண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. அல்லது திடீர் மூச்சிறைப்பு. டாக்டர் பரிசோதித்து, ரத்தக்கட்டி இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கும்போது, அதை உறுதியாக விலக்க இந்தச் சோதனை உதவும். 500 நானோகிராம்/மி.லி.க்குக் கீழ் என்றால் விலக்கலாம். 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை எல்லையாக வைப்பதும் உண்டு. இந்த எல்லைகள் எஃப்.இ.யு. அலகுக்கு உரியவை. சில லேப்கள் டி.டி.யு. அலகில் தருகின்றன, அதில் அதே ரத்தத்துக்குப் பாதி எண்தான் வரும். அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிட்டால் ரத்தக்கட்டியைத் தவறவிடுவோம். அதிகமாக இருந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கர்ப்பம், ஆபரேஷன், காய்ச்சல், புற்றுநோய், வெறும் முதுமை எல்லாவற்றிலும் கூடும். அரிவாளணு சோகை உள்ளவர்களுக்கு நல்ல நாளிலேயே கூடுதலாக இருக்கும். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் அறியப்பட்டதே 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அரிவாளணு இருக்கிறதா என்பதை இந்த உறைவுச் சோதனைகள் எதுவும் சொல்லாது. அதற்குச் சோதனை தனி.

நீல மூடி டியூப்: தவறு நடப்பது இங்கேதான்

பி.டி., ஏ.பி.டி.டி., பைப்ரினோஜன் எல்லாவற்றுக்கும் வெளிர்நீல மூடி டியூப். அதற்குள் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட்: 0.3 மி.லி. உள்ள டியூப்பில் 2.7 மி.லி. ரத்தம், 0.2 உள்ளதில் 1.8. சிட்ரேட், ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையாமல் காக்கிறது. லேபில் கால்சியம் சேர்த்ததும் உறைதல் தொடங்கும். அந்த வினாடியைத்தான் எண்ணுகிறார்கள். ரத்தம் குறைவாக ஏறியிருந்தால் மிச்சமுள்ள சிட்ரேட் லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். நல்ல ரத்தமும் தாமதமாக உறைவதுபோல் தெரியும். இல்லாத நோய்க்கு ஆபரேஷன் தள்ளிப்போகும். வார்ஃபரின் எடுப்பவருக்கு அளவைக் குறைத்துவிடுவார்கள், அதன் பின் செயற்கை இதய வால்வு வைத்தவருக்கு வால்வில் ரத்தக்கட்டி வரலாம்.

இந்தத் தவறு மலையில் கூடுதலாக நடக்கக் காரணம் உண்டு. டியூப்பில் அடைத்திருக்கும் வெற்றிடம்தான் ரத்தத்தை உள்ளே இழுக்கிறது. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் இழுப்பும் குறையும். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். சமவெளிக்கென்று தயாரித்த டியூப் இங்கே கோட்டைத் தொடும் முன்பே நின்றுபோகலாம். ரத்தம் எடுப்பவர் "தானா நின்னுடுச்சு, போதும்" என்று கழற்றிவிடுவார். ஆகவே ரத்தம் கொடுக்கும்போது டியூப்பில் உள்ள கோட்டைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்குகூட நிறையாவிட்டால் புது டியூப்பில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். லேப் நடத்துபவர்கள் உயரமான இடங்களுக்கென்று தயாராகும் டியூப்பை வாங்கலாம். கிடைக்காவிட்டால் சிரிஞ்சில் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் கோடு வரை நிரப்பலாம். பிஸ்டனை வேகமாக அழுத்தக் கூடாது.

குறையை ஈடுகட்டச் செய்யும் இரண்டு குறுக்குவழிகள் இரண்டுமே தவறு. ஊதா மூடி டியூப்பிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் ஈ.டி.டி.ஏ. கலந்து வினாடி நீளும். அரைகுறையாக நிறைந்த இரண்டு நீல டியூப்களை ஒன்றாக ஊற்றினால் சிட்ரேட் இரட்டிப்பாகும்.

மற்றபடி கவனிக்க வேண்டியவை: பல டியூப் எடுத்தால் நீலம்தான் முதலில் (ரத்தக் கல்ச்சர் இருந்தால் அதற்கு அடுத்து). பட்டாம்பூச்சி ஊசியில் எடுத்தால் குழாயில் உள்ள காற்று ரத்தத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; அதனால் முதலில் ஒரு டியூப்பை வீணாக்கிவிட்டு அடுத்ததை வைத்துக்கொள்ள வேண்டும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிரப்பியதும் மூன்று, நான்கு முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. ஹெப்பாரின் ஓடும் லைனிலிருந்து எடுக்கக் கூடாது. மூச்சுநோய், பிறவி இதயநோய் போன்றவற்றால் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்தைத் தாண்டியவருக்கு டியூப்பில் சிட்ரேட்டைக் குறைத்தே எடுக்க வேண்டும். அவர்களுக்குப் பிளாஸ்மா குறைவு என்பதால் வழக்கமான அளவு சிட்ரேட் அதிகமாகிவிடும். எடுக்கும் முன்பே லேபில் சொல்லுங்கள்.

பயணம் அடுத்த சிக்கல். குன்னூரிலோ கோத்தகிரியிலோ எடுத்த டியூப், வேனில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போகிறது. திறக்காமல் அறை வெப்பத்தில் வைத்த பி.டி. மாதிரி 24 மணி நேரம் தாங்கும். ஏ.பி.டி.டி. 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஹெப்பாரின் எடுப்பவருடையது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். காலையில் எடுத்து, மாலை வண்டிக்காக மேசையில் காத்திருக்கும் ஏ.பி.டி.டி. டியூப்பால் பயனில்லை.

ஐஸ் பெட்டியில் வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். முழு ரத்தத்துக்கு அது கெடுதல். குளிரில் ஃபேக்டர் 7 தூண்டப்பட்டு பி.டி. குறுகும்; ஃபேக்டர் 8-ம், பிளேட்லெட்டுகளைக் காயத்தில் ஒட்டவைக்கும் வான் வில்பிராண்ட் புரதமும் குறையும். இல்லாத வான் வில்பிராண்ட் நோயைக் காகிதத்தில் உண்டாக்க ஐஸ் கட்டி ஒன்று போதும். மார்கழி, தை மாதக் காலைகளில் உதகையில் ஐஸ் கூட வேண்டாம்; ஜன்னலோரம் வைத்தாலே போதும். 18 முதல் 24 டிகிரி வரை இருக்கும்படி, ஐஸ் ஜெல் படாத தெர்மோகோல் பெட்டியில் நிமிர்த்தி வைத்து அனுப்ப வேண்டும். ஃபேக்டர் அளவு போன்ற நுட்பமான சோதனை என்றால் டியூப்பை அனுப்பாமல் ஆளையே கோவைக்கு அனுப்புவது மேல் என்பது எங்கள் கருத்து. இல்லாவிட்டால் மேலேயே பிளாஸ்மாவைப் பிரித்து, உறைய வைத்து, உலர்பனியில் அனுப்ப வேண்டும்.

சிறிய லேபில் கையால் செய்யும்போது 0.1 மி.லி. பிளாஸ்மாவோடு 37 டிகிரிக்குச் சூடாக்கிய 0.2 மி.லி. கலவையைச் சேர்த்து பி.டி. பார்ப்பார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கலவையை அப்படியே ஊற்றினாலும், தண்ணீர்த் தொட்டி 33 டிகிரியில் நின்றுவிட்டாலும் வினாடி நீளும். குளிர்காலத்தில் தொட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே முதல் மாதிரியைத் தொட வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இருமுறை செய்து, கூடவே கன்ட்ரோல் பிளாஸ்மாவையும் (அளவு முன்பே தெரிந்தது) ஓட்ட வேண்டும்.

பி.டி., சி.டி. என்ற பழைய ஜோடி

சிறு ஆபரேஷனுக்கு முன் விரல் நுனியிலோ காது மடலிலோ குத்தி, ரத்தம் எப்போது நிற்கிறது, எப்போது உறைகிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சீட்டில் இதில் முதலாவதையும் (பிளீடிங் டைம்) பி.டி. என்றே எழுதுவதால் மேலே சொன்ன பி.டி.யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆபரேஷனில் ரத்தம் கொட்டுமா என்பதை இவை முன்கூட்டிச் சொல்வதில்லை. போதாததற்குக் குளிரில் தோல் விறைத்திருந்தால் ரத்தம் நிற்கும் நேரம் பொய்யாக நீளும். கண்ணாடி நுண்குழாயும் சில்லிட்டிருந்தால் உறையும் நேரமும் நீளும். செய்தே ஆக வேண்டும் என்றால் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்துவிட்டுச் செய்யட்டும்.

இதைவிடப் பயன் தருவது சில கேள்விகள். பல் பிடுங்கிய பிறகு மறுநாளும் ரத்தம் வந்ததா? மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா? அடிபடாமலே கன்றிப்போகிறதா, மூட்டு வீங்குகிறதா? அம்மா வழியில் ஆண்கள் யாருக்காவது இப்படி இருந்ததா? இதற்கு ஆமாம் என்று பதில் வந்தால், சோதனை எல்லாம் இயல்பாக வந்தாலும் விடக் கூடாது. லேசான ஹீமோபிலியாவும் வான் வில்பிராண்ட் நோயும் சாதாரண ஏ.பி.டி.டி.யில் தப்பிவிடும். ஃபேக்டர் 13 குறைவில் பி.டி., ஏ.பி.டி.டி., பிளேட்லெட் எல்லாமே இயல்பாக இருக்கும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிவதுதான் முதல் அடையாளம். சொந்தத்தில், குறிப்பாகத் தாய்மாமனைக் கட்டிய குடும்பங்களில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு யூரியாவில் உறைவு கரைகிறதா என்று பார்க்கும் தனிச் சோதனை உண்டு.

வீட்டிலோ வழியிலோ பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி, 1 மி.கி., போட்டிருக்க மாட்டார்கள். அப்படிப் பிறந்த குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். பின்னால் மூளையில் ரத்தக்கசிவு வந்து சோதனை செய்வதைவிட இந்த ஒரு ஊசி மேல்.

வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு

செயற்கை வால்வு வைத்தவர்கள், இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்தவர்கள் இந்த மாத்திரைகளை எடுக்கிறார்கள். பொதுவாக ஐ.என்.ஆர். 2 முதல் 3 வரை. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5 வரை. உங்கள் இலக்கு எது என்பதை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். லேப் ரிப்போர்ட்டில் இயல்பு 0.8 முதல் 1.2 என்று அச்சாகியிருக்கும், உங்களுடைய 2.8-க்கு அம்புக்குறி போட்டிருக்கும். அது மாத்திரை எடுக்காதவர்களுக்கான எல்லை. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்களுக்குத்தான் வால்வு அடைபடுகிறது.

மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் போடுங்கள். ரத்தத்தைக் காலையில் கொடுங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து அன்றைய மாலை அளவை மாற்ற வசதியாக இருக்கும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. என்று வருகிறது; ஒவ்வொரு முறையும் அட்டையில் உள்ள மி.கி.யைப் படித்த பிறகு காசு கொடுங்கள். ஒரு வேளை மறந்து, அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக் கூடாது. அளவு மாற்றினால் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். மறுநாளே சோதித்துக் குழம்ப வேண்டாம். ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் அன்றைய மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். மலம் கருப்பாகப் போவது, சிறுநீர் சிவப்பது, தலையில் அடி, விடாத தலைவலி என்றால் ஐ.என்.ஆர். எவ்வளவாக இருந்தாலும் நேரே மருத்துவமனைதான்.

சாப்பாட்டில் கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. முட்டைக்கோஸ் விலை விழுந்த வாரத்தில் தினம் மூன்று வேளையும் கோஸ், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால் ஐ.என்.ஆர். இறங்கி ஏறும். முருங்கைக்கீரை, ப்ரோக்கோலி, லெட்யூஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. டீயைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். காய்ந்த தேயிலையில் வைட்டமின் கே நிறைய உண்டு. கொதிக்கவைத்து வடிகட்டிய டீயில் மிகக் குறைவே இறங்குகிறது. வழக்கமான டீயைத் தாராளமாகக் குடிக்கலாம்.

தைலத்தில் கவனம் வேண்டும். உதகைக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலமும் அடுக்கியிருக்கும். இரண்டும் ஒன்றில்லை. விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். மூட்டுவலிக்குத் தினம் காலிலும் முதுகிலும் நிறையத் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும்; உடம்பில் ஆங்காங்கே கன்றும். பல வலி பாம்களிலும் இந்தப் பொருள் உண்டு. மாத்திரை எடுப்பவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைகளும் ஆகாது.

மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் ஆகியவை இறக்கும். புது மாத்திரை எது தொடங்கினாலும், நிறுத்தினாலும் சில நாட்களில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். இடுப்பில் ஊசி போட வந்தால் வார்ஃபரின் எடுப்பதாகச் சொல்லுங்கள்; தசைக்குள் ரத்தம் கட்டும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றே சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள். 6 முதல் 12 வாரம் வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், டாக்டர் வேறு வழி பார்ப்பார்.

விரல்நுனியில் குத்தி ஐ.என்.ஆர். பார்க்கும் கருவியை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதன் கையேட்டில் வெப்ப எல்லையைப் பாருங்கள். 18 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாத கருவிகள் உண்டு. டிசம்பர் காலையில் உதகை வீட்டுக்குள்ளேயே அதைவிடக் குறைவாக இருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதுவகை மாத்திரைகளான ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். எந்த அளவையும் சொல்லாது. அவர்கள் அதை வீணாக எடுக்க வேண்டாம். உலோக வால்வு வைத்தவர்கள் "சோதனையே வேண்டாமாம்" என்று இந்த மாத்திரைகளுக்குத் தாமாக மாறவே கூடாது.

பாம்புக் கடி: இருபது நிமிடச் சோதனை

கூடலூர், பந்தலூர், மசினகுடி பக்கமும் கோத்தகிரியின் கீழ்ச்சரிவுகளிலும் தோட்ட வேலையில் கடி வாங்குகிறார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் பைப்ரினோஜனைத் தின்றுவிடுவதால் ரத்தம் உறையாமல் போகிறது. இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். சோப்புப் படாத, புதிய, உலர்ந்த கண்ணாடி டியூப் ஒன்று; அதில் நரம்பிலிருந்து எடுத்த 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது.

இந்தச் சோதனையில் நான்கு இடங்களில் தவறு வரும். பிளாஸ்டிக் டியூப் உறைவைத் தூண்டாது. சோப்பில் கழுவிய கண்ணாடியும் அப்படியே. பத்தாம் நிமிடத்தில் ஆட்டிப் பார்த்தால் உறைவு கலைந்துவிடும். நான்காவது குளிர்: சில்லிட்ட அறையில் நல்ல ரத்தமும் மெதுவாகத்தான் உறையும். ஆகவே கூட வந்தவரில் நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தையும் அதேபோன்ற டியூப்பில் பக்கத்திலேயே வையுங்கள். அதுவும் உறையவில்லை என்றால் தவறு டியூப்பிலோ அறையிலோ இருக்கிறது.

முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விஷமுறிவு மருந்து கொடுத்தபின் ஆறு மணி நேரம் கழித்துச் செய்வார்கள், ஏனென்றால் கல்லீரல் புதுப் பைப்ரினோஜன் தயாரிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். ஒரு மணி நேரத்தில் பார்த்து "மருந்து வேலை செய்யல" என்று கத்துவதில் அர்த்தமில்லை.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதன் கடியில் ரத்தம் உறையாமல் போனதும் சிறுநீரகம் பழுதானதும் கேரளத்தில் பதிவாகியுள்ளன. மருந்து கொடுத்தும் டியூப் உறையவே இல்லை என்றால் டாக்டர் இதை நினைக்க வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். தூரத்திலிருந்து போனில் படம் கிடைத்தால் அதுவே போதும்.

கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டுவதும் வெட்டி உறிஞ்சுவதும் வேண்டாம்; ரத்தம் உறையாத உடம்பில் வெட்டிய இடம் நிற்கவே நிற்காது. ஏற்கெனவே யாராவது இறுகக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும். கடித்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவர் என்றால் அதையும் சேர்த்து எழுதி, நோயாளியோடு அனுப்புங்கள்.